ஈரமான மிதியடி
பழைய காரில் முன்சீட்டு மிதியடி நனைந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் உடனே வரும் பதில், "ஏசி தண்ணி சார், டிரெயின் பைப் அடைச்சிருக்கு." பல நேரம் அது சரிதான். இருந்தாலும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசியிலிருந்து வருவது வெறும் தண்ணீர். கூலன்ட் பிசுபிசுக்கும், பச்சையோ சிவப்போ தெரியும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க வழுவழுவென்று படலம் படிகிறதா, ரிசர்வ் டேங்கில் அளவு இறங்கியும் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லையா? அப்படியானால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர், ஒழுகுகிறது. (வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டியில் நிறமும் வாடையும் இருக்காது, கோரை அரித்ததே அந்தத் தண்ணீராக இருக்கலாம்.) கோரை மாற்றப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். வெயில் ஊர்க்காரருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பேன். இன்ஜின் ஆறியபின், ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் இன்ஜின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்து, நல்ல கிளாம்ப் போட்டு, காற்றை வெளியேற்றினால் போதும். தனித்தனியே அடைத்துவிடாதீர்கள், தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது சில இன்ஜின்களில் கூலன்ட் சுற்றுவதே அந்த வழியாகத்தான். ஹோஸைக் கழற்றும்போது வடியும் கூலன்டைத் தரையில் விடவும் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நச்சு, தெருநாய் நக்கினால் செத்துப்போகலாம். ஊட்டி, கொடைக்கானலில் ஓடும் வண்டிக்கு மட்டும் இந்த வழியை ஒப்புக்கொள்ளமாட்டேன். அங்கே மூடுபனியில் கண்ணாடியைத் தெளியவைப்பது ஹீட்டரின் சூட்டுக்காற்று. விற்கும்போதும் வாங்குபவரிடம் ஹீட்டரைத் துண்டித்திருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும்; அவர் மலை ஏறுபவராக இருக்கலாம்.