ஆட விடுவான், ஆள விடுவானா?

1966 ஏப்ரல் 18. அமெரிக்காவில் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி, தன் அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார் என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்தது. பில் ரஸ்ஸல். கறுப்பர். வயசு 32. பத்து வருசமாக அந்த அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். என்.பி.ஏ. என்கிற அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பில் அதுவரை ஒரு கறுப்பர்கூடத் தலைமைப் பயிற்சியாளர் ஆனதில்லை. அங்கே ஒரு நிருபர் கேட்டார்: வெள்ளை ஆட்டக்காரர்களைப் பாரபட்சம் இல்லாமல் நடத்துவீர்களா? ரஸ்ஸல், நடத்துவேன் என்றார்.

தோழர்களே, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேணும். அந்த அமைப்பு 1946ல் தொடங்கியது. 1950ல் கறுப்பர்கள் அதற்குள் வந்தார்கள். பதினாறு வருசம் வெள்ளைப் பயிற்சியாளர்கள் கறுப்பு ஆட்டக்காரர்களை வேலை வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து, ‘ஐயா, கறுப்பர்களை நியாயமாக நடத்துவீர்களா?’ என்று கேட்பது எந்த நிருபருக்கும் வழக்கமான கேள்வியாக இருந்ததில்லை. ஆள்வது வெள்ளையரின் இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர் ஆளவந்தால் மட்டும் அது சந்தேகத்துக்குரிய காரியம்; நன்னடத்தைச் சான்றிதழ் காட்டவேணும்.

பயிற்சியாளர் என்றால் விசில் ஊதி ஓடச் சொல்கிற வாத்தியார் மட்டுமில்லை. யார் ஆடணும், யார் பெஞ்சில் உட்காரணும், எப்போது ஆட்டத்தை நிறுத்தணும், கடைசி நொடியில் பந்து யார் கைக்குப் போகணும் என்று முடிவு செய்கிற ஆள். அவர் சொன்னால் வெள்ளைக்காரன் எழுந்து ஆடணும், உட்கார் என்றால் உட்காரணும். ஒடுக்கப்பட்டவனின் உடம்பு ஆதிக்கத்துக்கு எப்போதும் தேவை. பருத்திக் காட்டில் தேவை, ரயில் பாதையில் தேவை, போர்க்களத்தில் தேவை, மைதானத்திலும் தேவை. அந்த உடம்புக்கு மேலே இருக்கிற தலை முடிவெடுக்கத் தொடங்கும்போதுதான் பிரச்சினை கிளம்புகிறது. ஆட விடுவது வேறு. ஆள விடுவது வேறு.

ரஸ்ஸல் 1934ல் லூயிசியானா மாநிலத்தின் மன்ரோவில் பிறந்தார். அவருடைய அப்பா ஒருமுறை பெட்ரோல் போடப் போனார். வெள்ளையர்களுக்கெல்லாம் போட்டு முடிக்கும்வரை நில் என்றார்கள். சரி, வேறு இடம் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்தவர் முகத்துக்கு நேரே துப்பாக்கி நீண்டது. இப்படிப்பட்ட ஊரை விட்டு அந்தக் குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்குப் போனது. ரஸ்ஸலுக்கு 12 வயசில் அம்மா செத்துப்போனார். (அதே ஓக்லாந்தில், ரஸ்ஸல் பயிற்சியாளரான அதே 1966ல்தான், கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்தது. 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்ட பெயர் அங்கிருந்து வந்ததுதான்.)

சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1955லும் 1956லும் நாட்டளவிலான பட்டத்தை வென்றார். தடுப்பாட்டம் ஆடுகிறவன் தரையை விட்டுக் காலை எடுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் வேதம். ரஸ்ஸல் எம்பிக் குதித்து எதிராளியின் பந்தைத் தட்டினார். தட்டிய பந்தையும் வெளியே அடிக்காமல் தன் ஆள் கைக்குப் போகிற மாதிரி தட்டினார். தடுப்பதையே தாக்குதலின் தொடக்கமாக மாற்றிய ஆட்டம் அது. அதற்குப் பிறகு கூடைக்குக் கீழே உள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அதை ‘ரஸ்ஸல் விதி’ என்றே சொன்னார்கள். அவர்கள் போட்ட விதிக்குள் நாம் ஜெயித்தால் விதியை மாற்றுகிறார்கள். இது நமக்கு ஒன்றும் புதுசில்லை.

1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கையோடு பாஸ்டனுக்கு ஆடவந்தார். 13 பருவங்கள், 11 பட்டங்கள். ஆனாலும் பாஸ்டன் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் அவர் குடியிருந்த வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இனவெறி வசவுகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு வெற்றி வேணும். வெற்றி வாங்கிக் கொடுத்தவன் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது.

இனி தகுதி, திறமை விவகாரத்துக்கு வருவோம். 1990ல் மண்டல் பரிந்துரைக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்கள் நம் காது கிழியக் கத்திய சொற்கள் இவை. ரஸ்ஸலுக்கு முன்னால் செல்டிக்ஸின் பயிற்சியாளராக இருந்த ரெட் அவர்பாக் பெரிய பயிற்சியாளர்தான், மறுக்கவில்லை. 1950ல் சக் கூப்பர் என்ற கறுப்பரை அந்த அணி தேர்ந்தெடுத்ததிலும், 1964 டிசம்பரில் ஐந்து கறுப்பர்களை ஒன்றாக ஆட்டத்தில் இறக்கியதிலும் அவர் பங்கு உண்டு. ஆனால் அவர்பாக் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடியவர் இல்லை. ரஸ்ஸலோ அந்த நாற்காலிக்கு வரும்போது எட்டுப் பட்டங்களோடு வந்தார். பத்து நாளில் ஒன்பதாவதையும் எடுத்தார். அப்படியும் அவர்பாக் முதலில் கேட்டது அணியின் பழைய வெள்ளை ஆட்டக்காரர்களைத்தான். அவர்கள் மறுத்த பிறகுதான் ரஸ்ஸலின் முறை வந்தது. நாற்காலியை விட்ட அவர்பாக் வீட்டுக்குப் போகவில்லை. பொது மேலாளராக ஒரு மாடி மேலே ஏறி உட்கார்ந்தார்.

ஒருவருக்கு ஆடாமலேயே தகுதி. இன்னொருவருக்கு எட்டுப் பட்டம் வாங்கியும் ‘பாரபட்சம் காட்டுவீர்களா?’ என்ற கேள்வி. தகுதி என்கிற தராசின் லட்சணம் இதுதான்.

ரஸ்ஸல் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். உதவிப் பயிற்சியாளர் கிடையாது. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே, யாரை மாற்றுவது என்று யோசிக்கவேணும். முதல் வருசம், 1967ல், பிலடெல்பியாவிடம் தோற்றார். தொடர்ந்து எட்டு வருசம் பட்டம் வாங்கிய அணியின் வரிசை அங்கே அறுந்தது. வெள்ளைப் பயிற்சியாளர் தோற்றால் அந்த ஒரு மனுசன் தோற்றான். கறுப்பர் தோற்றால், ‘நாங்கதான் அப்பவே சொன்னோமே’ என்று இனத்தையே கூண்டில் ஏற்றுவார்கள். அந்தச் சுமையோடுதான் அவர் அடுத்த வருசத்துக்குள் நுழைந்தார்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே அதே பிலடெல்பியாவோடு ஆட்டம். துக்கத்தோடு ஆடினார்கள். அந்தத் தொடரில் 1-3 என்று பின்தங்கி, பிறகு மூன்றையும் ஜெயித்து 4-3 என்று முடித்தார்கள். அந்த அமைப்பில் அதுவரை எந்த அணியும் அப்படி மீண்டதில்லை. பிறகு பட்டத்தையும் எடுத்தார்கள். 1969ல் வயசாகிப்போன அணி; தன் பிரிவில் நாலாம் இடம். இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில். லேக்கர்ஸ் அணி முதலாளி வெற்றிக் கொண்டாட்டத்துக்காகக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். 108-106 என்று செல்டிக்ஸ் ஜெயித்தது. பலூன்கள் கூரையிலேயே தொங்கின. ரஸ்ஸல் அத்தோடு ஆட்டத்தை விட்டார்.

இவ்வளவும் சொல்வது ஒரு வீரனைத் தூக்கிச் சாமி ஆக்குவதற்கில்லை. ‘முதல் ஆள்’ என்ற பட்டத்தை ஆதிக்கம் ரொம்ப ஆசையாகக் கொடுக்கும். ஒருத்தனை மேலே ஏற்றிவிட்டு, ‘பார், கதவு திறந்துதான் இருக்கு, உழைக்காதவன்தான் வெளியே நிற்கிறான்’ என்று மற்றவர்களைப் பார்த்துக் காட்டும். ரஸ்ஸல் அந்தப் பொறியில் சிக்கவில்லை. 1961ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஓட்டல் காபிக் கடையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குப் பரிமாற மறுத்தபோது, அவரும் தோழர்களும் ஆடமாட்டோம் என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். 1963ல் மெட்கர் எவர்ஸ் கொல்லப்பட்ட பிறகு மிசிசிப்பிக்கே போய்க் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் சேர்த்துவைத்துக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார். 1967ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகம்மது அலியோடு கிளீவ்லாந்தில் உட்கார்ந்தார்.

1975ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டக்காரராக அங்கே நுழையும் முதல் கறுப்பர் என்ற பெருமை. அவர் விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்னால் வந்த கறுப்பர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது என்பது அவர் கணக்கு. 1950ன் சக் கூப்பரை 2019ல் அந்த மண்டபத்தில் சேர்த்த பிறகுதான் அதன் மோதிரத்தைத் தன் கையில் வாங்கினார். நாற்பத்து நாலு வருசம்! பயிற்சியாளராகவும் 2021ல் அவரைச் சேர்த்தார்கள். 2022 ஜூலை 31 அன்று காலமானார்.

இங்கேயும் நடந்ததைச் சொல்லவேணும். பூனாவின் பல்வங்கர் பாலூ சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர். இந்துக்கள் அணிக்குத் தலைவராகும் தகுதி எல்லோரையும்விட அவருக்கு இருந்தும் கடைசிவரை கொடுக்கவில்லை. சகோதரர்கள் அணியிலிருந்து விலகிப் போராடிய பிறகு, 1923ல் தம்பி விட்டல் தலைவரானார். பந்து போட விடுவான். யார் பந்து போடணும் என்று சொல்ல விடமாட்டான்.

ரஸ்ஸல் பிறகு சியாட்டிலில் 1973 முதல் 1977 வரை பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் இருந்தார். 1987ல் சாக்ரமென்டோ போனார். 17 வெற்றி, 41 தோல்வி. பருவம் முடியும் முன்னே பதவியை விட்டு எடுத்தார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. பதினோரு பட்டம் வாங்கியவர் மட்டும் ஆளலாம் என்றால் அது சமத்துவமா? சாதாரணமானவனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தோற்று, இனத்தின் பெயரால் வசவு வாங்காமல் எழுந்துபோக முடிகிற நாளில்தான் சமத்துவம் வந்ததாகக் கணக்கு. ஆதிக்கச் சாதிக்காரனுக்கு அந்த உரிமை பிறந்த அன்றைக்கே கிடைத்துவிடுகிறது.

பயிற்சியாளர் நாற்காலிக்கு மேலேயும் மாடிகள் உண்டு. அந்த அமைப்பில் ஆடுகிறவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். 2010ல் சார்லட் அணியை வாங்கிய மைக்கேல் ஜோர்டான் 2023ல் பெரும்பங்கை விற்றபோது, பெரும்பங்கு கையில் வைத்திருக்கும் கறுப்பு முதலாளி ஒருவர்கூட அங்கே மிஞ்சவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களே, எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் ‘உங்க ஆட்கள் எத்தனை பேரைச் சேர்த்திருக்கோம் பாருங்க’ என்று அவர்கள் காட்டுகிற பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். கையெழுத்துப் போடுகிறவர் யார், ஆளை எடுக்கிறவர் யார், சொத்து யார் பெயரில் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்டால், ‘நீங்க வந்தா பாரபட்சம் காட்டமாட்டீங்களா?’ என்று நம்மிடமே திருப்புவார்கள். அந்தக் கேள்வியை இத்தனை காலம் தங்களிடம் ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்று முதலில் அவர்கள் சொல்லட்டும்.