சான்று கேட்கும் மகன்



மாலைச் செபமாலை முடிந்த வேளையில், "கடவுள் இருக்கின்றார் என்பதற்குச் சான்று என்ன?" என்று உங்கள் மகன் கேட்டால் என்ன மறுமொழி கூறுவீர்கள்? அன்புவழிபுரத்து இல்லங்களிலும் எழக்கூடிய கேள்வியே இது. சிலர் திருப்பாடலை எடுத்துக்காட்டி அவனை அறிவிலி என்பர். சிலர், "இல்லை என்பதை நீ முதலில் நிரூபி" என்று வாயடைப்பர். இரண்டும் முறையல்ல.

நம் நாட்டில் இவ்வாறு சான்று கேட்டவர்களுள் முதன்மையானவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தில் மார்த்தோமா திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் இயற்கையை மீறிய ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அதை வெல்லவில்லை.

அவர் கேட்டது நியாயமே. ஒன்றைச் சாதிப்பவரே அதற்குச் சான்று தரவேண்டும். இந்நெறியைத் திருச்சபையும் அறியும். லூர்து நகரில் குணம் பெற்றதாகக் கூறுவோரை ஆராய 1883இலேயே மருத்துவ அலுவலகம் நிறுவப்பட்டது.

ஆனால் கோவூரின் பரிசு சோதித்தது அற்புதம் செய்வதாகக் கூறிய மனிதரையே, படைத்தவரையன்று. "போதிய சான்று எனக்குக் கிட்டவில்லை" என்பவர் தம் ஐயத்தையே கூறுகிறார். அவர்மீது பெருஞ்சுமை இல்லை. "கடவுள் இல்லவே இல்லை" என்பவரோ ஒன்றை உறுதியாகச் சாதிக்கிறார். அதற்குரிய காரணத்தை அவரும் காட்டவேண்டும். ஒன்றுமே இல்லாதிருப்பதற்குப் பதிலாக இவ்வுலகம் ஏன் இருக்கிறது என்னும் வினா அவருக்கும் உரியது. அவர் காரணம் காட்டி வாதிட்டால், முடிவில் நாம் உடன்படாவிடினும், அவரைப் பகுத்தறிவற்றவர் என்றல் தகாது.

நம் சுமையோ பெரிது. புனித தோமா அக்குவினா கடவுளின் இருப்புக்கு ஐந்து வழிகளைக் காட்டுமுன், தீமை நிலவும் உலகில் கடவுள் எவ்வாறு இருக்கமுடியும் என்னும் எதிர்வாதத்தையே முதலில் எழுதினார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் நம் திருகோணமலைக் கரையிலும் எழுந்த கேள்வியன்றோ அது! நம்பிக்கையாளரின் குறைபட்ட வாழ்வும் இறைமறுப்புக்குக் காரணமாகலாம் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒப்புக்கொண்டது.

ஆகவே பெற்றோரே, மகனை அருகில் அமர்த்தி முழுவதும் கேளுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். நம் எதிர்நோக்கிற்குக் காரணம் கேட்போருக்குப் பணிவோடு விடையளிக்குமாறு புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் பணிக்கிறார். உங்கள் வாதத்தை அவன் பிறகு எடைபோடுவான்; உங்கள் வாழ்வை ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறான். அது உண்மைச் சான்றாக அமைய இறைவன் அருள்வாராக.