பேய் சொன்னால் மட்டும் கேட்கிறோம்

வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ஒரு பழைய டிவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது, டிவி உண்டு. போன மாதம் ஒரு ஞாயிறு அதில் 'காஞ்சனா 3' ஓடியது. பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் ஏற்கெனவே பார்த்த படம்தான். ஆனாலும் பேய் வரும் இடத்தில் எல்லோரும் கத்தினார்கள். நாங்களும் கத்தினோம்.

படம் முடிந்ததும் கருத்து கேட்டோம். எட்டாவது படிக்கும் தம்பி, "சரத்குமார் நடிச்ச பார்ட்டுதான் கெத்து, இது அதையே திரும்ப எடுத்து வச்சிருக்காங்க" என்றான். கல்லூரிக்குப் போகும் பெண், "பேய் வர்ற வரைக்கும் ஓகே. ஃபிளாஷ்பேக் வந்தா நான் போனை எடுத்துடுவேன், செம லேக்" என்றாள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கோ கோவை சரளா இல்லையென்றால் இந்தப் படமே இல்லை. 2019இல் படம் வந்தபோது தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியவர்களிடம் மக்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள், படம் ஓடியது.

பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தக் காளி இன்னா ஆளுங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பேய்க்கு ஏது பாட்டி சாதி? பாட்டி விடவில்லை. "செத்தவன் யாருன்னு சொல்றான், எப்படிச் செத்தான்னு சொல்றான், கொன்னவன் பேரு சொல்றான். எந்தத் தெருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறானே. நம்ம ஆளாத்தான் இருக்கும். அதான் சொல்லல."

பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வரிசைப் படங்களை மறுபடி யோசித்துப் பார்த்தோம். 2007, 2011, 2015, 2019 என்று ஒலிம்பிக் போல நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்த படங்கள். 'முனி'யில் செத்தவர், ராஜ்கிரண் நடித்த முனியாண்டி, சேரி மக்களின் தலைவர். அரசியல்வாதியை நம்பி ஏமாந்து அவன் கையாலேயே சாகிறார். 'காஞ்சனா'வில் ஒரு திருநங்கை, அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியப் பெரியவர், அந்தப் பெரியவரின் மனவளர்ச்சி குன்றிய மகன். இரண்டாம் 'காஞ்சனா'வில் கங்கா என்ற மாற்றுத்திறனாளிப் பெண். மூன்றாவதில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் காளி. இந்த நாட்டில் யாரைக் கொன்றால் கேட்க நாதி இருக்காதோ அவர்களாகப் பார்த்துப் பேயாக்கியிருக்கிறார் ராகவா லாரன்ஸ். தெரிந்து செய்தாரா என்பது எங்களுக்கு முக்கியமில்லை. ஆனால் பாகம் ஏற ஏற செத்தவர்கள் பின்னால் போய், பேய் ஒரு மாஸ் ஹீரோ ஆகிவிட்டது. மூன்றாம் பாகத்தில் எங்களுக்குள்ள குறை அதுதான். பிள்ளைகள் சொல்லும் 'லேக்' அல்ல.

'காஞ்சனா'வில் நாயகனும் நண்பர்களும் கிரிக்கெட் ஆட ஒரு பொட்டல் நிலத்துக்குப் போய் ஸ்டம்ப் நடுவார்கள். நட்ட இடத்துக்கு அடியில் பிணம். அது காஞ்சனா ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலம், எம்.எல்.ஏ. அபகரித்தது. எங்கள் குடியிருப்பில் அந்தக் காட்சிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இந்த ஊர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில்தான் 1892இல் வெள்ளையர் அரசு பஞ்சமி நிலத்துக்கு ஆணையிட்டது. அதே மாவட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடியவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் யார் கனவிலும் வந்து பயமுறுத்தவில்லை. நாம்தான் ஆண்டுதோறும் போய் மாலை போட்டுவிட்டு வருகிறோம்.

அதே படத்தின் முடிவும் நினைவிருக்கும். கொலைகார எம்.எல்.ஏ. கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வான். அவனுக்குத் தடை இல்லை. துரத்தி வந்த காஞ்சனாவுக்குத்தான் வாசலில் தடை. வெளியே நின்று நியாயம் கேட்டு அழுத பிறகுதான் கடவுள் வழிவிடுவார். தியேட்டரில் விசில் பறந்த காட்சி அது. 2023இல் விழுப்புரம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நம் மக்கள் தடுக்கப்பட்டபோது வழி திறக்கவில்லை. அரசு வந்து கோயிலுக்குச் சீல் வைத்தது.

தோழர்கள் சிலர் இந்த இடத்தில் கோபப்படுவார்கள். பேய்ப் படத்துக்கு வக்காலத்தா, பகுத்தறிவு எங்கே போனது என்று. கோபம் நியாயம்தான். சமூகவியல் எம்.ஏ. படித்தபோது, பேய் பிடித்தலைப் பற்றித் தமிழ்நாட்டில் களஆய்வு செய்த இசபெல் நபோகோவையும் கல்பனா ராமையும் வாசித்துவிட்டு, பேயின் வாயால் ஒரு பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும் என்றெல்லாம் தேர்வில் எழுதினோம். வேலைக்கு வந்த பிறகு வேப்பிலை அடியின் தழும்பைப் பார்த்தோம். அதற்குமேல் யாராவது பேய் என்றாலே எரிச்சல் வந்துவிடும். அந்த எரிச்சலில்தான் ஒரு தவறு செய்தோம்.

எங்கள் படிப்பகத்தில் முன்பு படித்த பெண், வயது 19. பெயரும் வேலை செய்த இடமும் வேண்டாம். பேக்கிங் வேலை, கான்ட்ராக்ட். ஒரு நாள் இரவு உடல் நடுங்கி, கண் செருகி, ஆண் குரலில் பேச ஆரம்பித்திருக்கிறாள். எல்லாம் கெட்ட வார்த்தை, நடுநடுவே நம் சாதிப் பெயர். தெருவே கூடிவிட்டது. "அப்படியே காஞ்சனா மாதிரி" என்று சொன்னவர்கள் உண்டு, போனில் படம் எடுத்தவர்களும் உண்டு. கூவம் பாலத்துப் பக்கம் செத்த எவனோ பிடித்திருக்கிறான் என்று முடிவாயிற்று. வட்டிக்கு 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பேயோட்டும் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அடித்துக் கேட்டபோது அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரில் செத்த பேயை உச்சி முடியில் இறக்கி, முடியை வெட்டி, மரத்தில் ஆணி அடித்து அனுப்பிவிட்டார்கள். 'காஞ்சனா 3' தொடங்குவதே மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதில்தான்.

எங்களுக்கு விஷயம் தெரிந்ததும் நாங்கள் போய் அம்மாவைத் திட்டினோம். இதெல்லாம் மூடநம்பிக்கை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு வந்தோம். அவள் என்ன பெயர் சொன்னாள் என்று நாங்களும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளே சொன்னாள். அந்தப் பெயர் செத்தவனுடையது அல்ல. அவளுடைய சூப்பர்வைசர் பெயர். அவன் தினமும் காலை 8 மணிக்கு ஷிப்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். அவள் வாயில் வந்த வார்த்தைகள் எல்லாம் ஸ்டோர் ரூமில் கையைப் பிடித்து இழுத்தபோது அவன் பேசியவை. சாதிப் பெயர் உட்பட.

படத்தில் பேய் வாயைத் திறந்து கொன்றவன் பெயரைச் சொன்னதும் வீடே உட்கார்ந்து கேட்கிறது. நாயகன் அழுதபடி, "என் உடம்பை எடுத்துக்கோ" என்கிறான். இங்கே உயிரோடு இருக்கும் பெண் பெயர் சொல்கிறாள், பேய் பேசுகிறது என்று அடிக்கிறார்கள். படித்த நாங்கள் அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஃபிளாஷ்பேக்கை ஓட்டிவிடுகிற பழக்கம் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் இல்லை.

பிறகு அவளைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். 1794இல் தொடங்கிய மருத்துவமனை, நம் மக்கள் வாயில் இன்னும் வசைச் சொல். வாசலில் அம்மா இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தார். மருத்துவர் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார், பைத்தியம் எதுவும் இல்லை என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார். (14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்த பிறகும் களத்தில் நாங்கள் கயிற்றைப் பார்த்திருக்கிறோம்.

மாத்திரையோடு விஷயம் முடியவில்லை. சூப்பர்வைசர் இருக்கிறானே. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அங்கே அப்படி ஒன்று இருப்பதாக அவளுக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு கடமை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாயால் சொல்வதைக் காவல் நிலைய அதிகாரி எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அது அந்த அதிகாரியின் குற்றம்.

நான்காம் பாகம் வரப்போகிறது என்று பிள்ளைகள் இப்போதே குதிக்கிறார்கள். கூட்டிப் போவோம், நாங்களும் கத்துவோம். பாட்டி மட்டும், தெருப் பெயரைச் சொன்னால்தான் வருவேன் என்கிறார்.

அந்தப் பெண் இன்னும் புகார் கொடுக்கவில்லை. அம்மா பயப்படுகிறார், வட்டிக் கடனும் பாக்கி இருக்கிறது. அவசரப்படுத்த எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு நாள் மாலை அவள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம், நான்கு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினோம். ஒரு தேதியைத் திருத்தச் சொன்னாள், ஸ்டோர் ரூம் கதவு இடது பக்கம் என்றாள். திருத்தி எழுதி, நிறுத்தி நிறுத்தி மறுபடி ஒருமுறை வாசித்தோம். அந்த நான்கு பக்கமும் படிப்பக பீரோவில் இருக்கிறது. சாவியை அவளிடமே கொடுத்துவிட்டோம்.