பக்கத்து வீடு 3 அடி, நம்ம வீடு 4 அடி: தாம்பரம் தெருக்களை டிசைன் செய்வது யார்?

‘ரோடு மேல ஏறிடுச்சு, வீடு பள்ளமாயிடுச்சு.’ முடிச்சூர், வரதராஜபுரம், சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வாக்கியம் இது.

அந்தத் தெருவில் அடுத்து வீடு கட்டுபவர் என்ன செய்வார்? ரோட்டிலிருந்து 3 அடி உயர்த்தி பேஸ்மட்டம் போடுவார். அவருக்கு அடுத்த மனைக்காரர் 4 அடி உயர்த்துவார். வசதி உள்ள பழைய வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடுவார். தனித்தனியாகப் பார்த்தால் யார் செய்ததும் தப்பில்லை. ஆனால் மழை வந்தால், எதையும் உயர்த்த முடியாத வீட்டின் ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

இந்தத் தெருவை இப்படி வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்ட் என்று யாரும் கிடையாது. அது தானாக உருவான வடிவம். இன்றைய கட்டடக்கலை உலகம் ஆர்வமாகப் பேசும் ‘சுய ஒழுங்கமைப்பு’ என்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அது என்ன சுய ஒழுங்கமைப்பு?

பள்ளிக்கரணையில் மாலை நேரத்தில் கூட்டமாகத் திரும்பும் பறவைகளுக்குத் தலைவன் கிடையாது. 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி வல்லுநர், மூன்றே விதிகளை வைத்து இப்படியொரு கூட்டத்தைக் கணினித் திரையில் பறக்க வைத்துக் காட்டினார். பக்கத்துப் பறவை மேல் மோதாதே, அது போகும் திசையிலும் வேகத்திலும் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான். ஒவ்வொரு பறவையும் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும், மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு வடிவம் வந்துவிடும்.

கட்டடக்கலை இதைக் கணினிக்கு முன்பே தொட்டுப் பார்த்திருக்கிறது. ஜெர்மானிய ஆர்க்கிடெக்ட் ஃப்ரை ஓட்டோ, சோப்புப் படலம் தானாக எடுக்கும் வடிவத்தைக் கவனித்துக் கூரைகளை வடிவமைத்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தின் கூடாரக் கூரையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் துணுக்குகளை வைத்து, நடுவே ஒரு வகைச் சளிப்பூஞ்சையை (ஸ்லைம் மோல்டு) வளரவிட்டார்கள். மூளையே இல்லாத அந்த உயிரி, அங்குள்ள ரயில் வலைப்பின்னலை ஒத்த பாதைகளை உருவாக்கியது.

இன்று ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கிராஸ்ஹாப்பர் போன்ற சாஃப்ட்வேரில் விதிகளை மட்டும் எழுதி, நூற்றுக்கணக்கான வடிவங்களைக் கணினியையே போட்டுக்காட்டச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வளைந்த முகப்பு, வித்தியாசமான கூரை என்று கண்ணைக் கவரும் வேலையோடு நின்றுவிடுகிறது. இந்தத் திறமை அதிகம் தேவைப்படும் இடம் முகப்பு அல்ல, தெரு.

ஒரு கிராமம், 141 தேவைகள்

இந்தியாவில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற ஆர்க்கிடெக்ட், குஜராத் கிராமம் ஒன்றில் சில மாதங்கள் தங்கினார். 600 பேர் வாழும் ஓர் இந்திய விவசாயக் கிராமத்துக்கு 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எது எதோடு பின்னியிருக்கிறது என்று குறித்து, அவற்றைக் கணினியால் குழுக்களாகப் பிரித்தார். 1964இல் அது புத்தகமாக வந்தது.

அடுத்த ஆண்டே, நகரத்தைக் கிளை கிளையாகப் பிரிப்பதை விமர்சித்து அவர் எழுதினார். நகரத்தில் ஒன்றோடொன்று மேற்படியும் உறவுகளைக் கிளைப் படம் காட்டாது என்பது அவர் வாதம். தாம்பரத்தில் நடப்பதும் அதே சிக்கல்தான். காகிதத்தில் மனைகள் தனித்தனி. தண்ணீருக்கு அந்தக் காம்பவுண்டு சுவர் தெரியாது.

ஏற்கெனவே ஓடும் அல்காரிதம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதையெல்லாம் அவைதான் சொல்கின்றன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம். நல்ல விஷயம்தான்.

ஆனால் இந்த விதிகள் பெரும்பாலும் ஒரு மனையை எடுத்து அளக்கின்றன. தென்சென்னைப் புறநகரோ ஏரிச் சங்கிலியால் ஆன ஊர். சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம் பக்கம், கடைசியில் பள்ளிக்கரணைக்கு என்று தண்ணீர் போகும். மேற்கே முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றைத் தேடும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. வழியில் உயர்ந்து நின்ற ஒவ்வொரு மனையும், தண்ணீரை அடுத்தவர் வீட்டுக்குத் தள்ளும் ஒரு சின்ன அணை.

இந்தப் போட்டியில் ஜெயிப்பது பணம் உள்ளவர். தோற்பது பழைய வீட்டில் இருக்கும் ஓய்வூதியக்காரர், கிரவுண்ட் ஃப்ளோரில் வாடகைக்கு இருக்கும் குடும்பம்.

விதியை மாத்தினா ஊரு மாறுமா?

மாறும். 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் குழி, அடுத்த சில ஆண்டுகளில் சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. 2005இல் கொட்டிய மழைக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், சின்ன விதி ஊர் அளவில் பலன் தரும் என்பதற்கு அது சாட்சி. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதும் அதே வகை விதி. அதை ஒவ்வொரு தெருவிலும் கறாராகப் பின்பற்றினாலே, பேஸ்மட்டம் உயர்த்தும் போட்டிக்குப் பாதிக் காரணம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு தெருவுக்கும் நிரந்தர மட்டம் ஒன்றை நிர்ணயிக்க வேண்டும். ஆன்லைனில் பிளான் போடும்போது மனையின் மட்டம், சரிவு, தண்ணீர் போகும் வழி ஆகியவை திரையில் தெரிய வேண்டும். புது லேஅவுட்டுக்கு அனுமதி தரும் முன், எல்லா மனையும் 3 அடி உயர்ந்தால் பக்கத்துத் தெரு என்னவாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கரணையிலேயே இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐஐடிகளோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து சென்னைக்கு வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. அந்த அறிவு வீட்டு பிளான் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

‘இன்னொரு விதியா? இன்னொரு ஆபீஸா?’ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் இது இன்னொரு தடையில்லாச் சான்றாக இல்லாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஓர் எண்ணாக இருக்க வேண்டும். கணினி மாடல் தப்பாகவும் போகலாம். கணக்கை வெளிப்படையாக வைத்தால், தெருவாசிகளே தப்பைச் சுட்டிக்காட்ட முடியும்.

2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. ‘அந்தக் கால்வாய் பக்கத்து ஊர் எல்லை’ என்று கைகாட்ட முன்பு இருந்த வசதி பெருமளவு போய்விட்டது. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026ஐ இலக்காகக் கொண்டது, மூன்றாவது பிளான் 2046 வரைக்கானது. அதில் எத்தனை மாடி கட்டலாம் என்பதோடு, எந்த மட்டத்திலிருந்து கட்டலாம் என்பதும் எழுதப்பட வேண்டும்.