அட்டை கொடுத்தால் மட்டும் போதுமா?



சென்ற இதழின் மருத்துவக் கஞ்சா கட்டுரை படித்தேன். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் கஞ்சா வாங்க அனுமதிக்கும் அட்டை கிடைக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். நான் வசிக்கும் மாசசூசெட்ஸில் அது ஏற்கெனவே கிடைக்கிறது. புற்றுநோய், எய்ட்ஸ் என்று நீளும் பட்டியலோடு, மருத்துவர் எழுத்தில் சான்றளிக்கும் வேறு நோய்களுக்கும் 2012 சட்டம் இடம் தந்துவிட்டது.

பலன் என்ன? பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் வலி, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு என்று வந்த 186 பேரில் ஒரு பிரிவினரை உடனே அட்டை வாங்கவிட்டு, மற்றவர்களை 12 வாரம் காத்திருக்க வைத்தார்கள். முடிவு 2022-இல் வெளியானது. தூக்கம் சற்று மேம்பட்டது; மனச்சோர்வு குறையவில்லை. உடனே அட்டை பெற்றவர்களிடம் கஞ்சாவுக்கு அடிமையாகும் அறிகுறிகள் கூடின. அதிலும் பதற்றம், மனச்சோர்வு உள்ளவர்களிடம்தான் அதிகம். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

என் அக்கா மகன் மனச்சோர்வோடு போராடுகிறவன். மாத்திரை தொடங்கிய மனநல மருத்துவர் அடிக்கடி அழைத்து, தூக்கம் எப்படி, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று விசாரித்தார். கஞ்சாவுக்குச் சான்று தந்தவரோ வீடியோவில் சில நிமிடம் பேசியதோடு சரி. ஐந்து மில்லிகிராம் கஞ்சா மிட்டாயில் எத்தனை சாப்பிடலாம் என்று அவனுக்குச் சொன்னது கடை ஊழியர்!

யாருக்கும் தடை போடச் சொல்லவில்லை. சான்று தருபவரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், மனநல மருத்துவருக்கும் தகவல் போக வேண்டும் என்பதை முதலில் கட்டாயமாக்குங்கள்.

- ஒரு வாசகி, பாஸ்டன்