வாயில்லா ஜீவனும் நம் வீட்டுப் பிள்ளையும்

 

நாவலூரின் பழைய மாமல்லபுரம் சாலையில் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே இன்றும் மாடுகள் திரிவதைக் காணலாம். மேய்ச்சல் நிலம் போயிற்று, மாடுகள் போகவில்லை. அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், வாகனம் மோதிக் காலொடிந்த கன்று ஒன்று சாலையோரம் கிடந்தது. சுற்றி நின்று பார்த்தோர் பலர். கைப்பேசியில் படம் எடுத்தோரும் உண்டு. எங்கள் மதரஸாவில் ஓதும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி மட்டும் அதன் அருகில் அமர்ந்து, தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டினாள். மருத்துவர் வரும் வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் தந்தையுடன் வந்தாள். "ஹஜ்ரத், மிருகங்களுக்கு நர்ஸாக நான் படிக்கலாமா? அதற்குப் பட்டப் படிப்பு உண்டாமே!" என்றாள். தந்தையோ, "நாய், பன்றியையெல்லாம் தொட வேண்டியிருக்குமே ஹஜ்ரத்! தொழுகிற பிள்ளைக்கு இது ஆகுமா?" என்று வருந்தினார்.

மகள் கேட்டது கல்வியைப் பற்றி. தந்தை கேட்டது மார்க்கத்தைப் பற்றி. கலைப் பட்டம் பெற்ற எனக்கு முதல் கேள்விக்கு அன்று விடை தெரியவில்லை. விசாரித்து அறிந்ததை அவர்களுக்குச் சொன்னேன். நம் சமுதாயத்துப் பெற்றோர் பலருக்கும் பயன்படும் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மார்க்கம். பாலைவனத்தில் தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்ட ஒரு மனிதர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயில் கவ்வியபடி மேலேறி அதற்குப் புகட்டினார். அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னித்தான். இதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, பிராணிகளுக்கு உதவுவதிலும் நற்கூலி உண்டா எனத் தோழர்கள் வினவினர். உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்பதே பெருமானாரின் பதில். அந்தப் பிராணி ஆடோ ஒட்டகமோ அன்று, நாய் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் நஜீஸ்? ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயும் பன்றியும் நஜீஸ்தான். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் நஜீஸ், உடல் அவ்வாறன்று. தேவையின்றி அசுத்தத்தைப் பூசிக்கொள்வது கூடாது. மருத்துவமோ தேவையைச் சேர்ந்தது. நஜீஸ் என்பது கழுவ வேண்டியது. பாவம் என்பது தவ்பாச் செய்ய வேண்டியது. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கிக்கொண்டோம். மனிதருக்குப் பணிவிடை செய்யும் நர்ஸ், நாள்தோறும் இரத்தத்தையும் மலஜலத்தையும் தொடவில்லையா? கையுறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மாற்று உடை இருக்கிறது. உடை மாற்றித் தொழுவதற்கு எந்த மருத்துவமனை தடை?

ஷாஃபிஈ சட்ட மேதைகளுள் ஒருவரும், 1262-இல் மறைந்தவருமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். கிழடாகவோ நோயுற்றோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவு செய்து பராமரிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கால்நடை வைத்தியரை அரபு மொழியில் 'பைத்தார்' என்பர். மூலிகை ஆய்வில் புகழ்பெற்ற இப்னு பைத்தாரின் பெயருக்கு, கால்நடை வைத்தியரின் மைந்தர் என்றே பொருள். 14-ஆம் நூற்றாண்டில் எகிப்திய சுல்தானின் குதிரை லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர், குதிரை வைத்தியத்தைப் பற்றிப் பெருநூலே எழுதினார். நம் முன்னோர் பெருமையுடன் செய்த தொழிலுக்கு நாம் முகம் சுளிக்கிறோம்!

நிற்க. கல்விக்கு வருவோம். பிரிட்டனில் கால்நடைச் செவிலியருக்கான முறையான பயிற்சித் திட்டம் 1961-இல் தொடங்கிற்று. இன்று அங்கே இதைப் பட்டப் படிப்பாகவே பயிலலாம். நம் தமிழகத்தில் இத்தகைய தனிப் பட்டம் வேரூன்றவில்லை. இங்கே அரசு கால்நடை மருந்தகங்களில் மருத்துவருக்குத் துணை நிற்பவர்கள் கால்நடை ஆய்வாளரும் கால்நடை பராமரிப்பு உதவியாளருமே. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே வைத்தியம் செய்யலாம். உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர், மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் மட்டும் செய்யலாம். ஆகவே 'கால்நடை நர்ஸ் டிப்ளமோ' என்று எங்கேனும் விளம்பரம் கண்டால், அரசு அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பட்டம்தான் வேண்டுமெனில் நேர்வழி, கால்நடை மருத்துவப் பட்டமே. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989-இல் பிறந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூத்த கல்லூரியாகும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு உள்ளிட்ட ஊர்களிலும் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருத்தல் வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு 'நீட்' தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்களே அடிப்படை. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குள்ள 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடும், 2021-இல் இப்படிப்புக்கும் விரிவாக்கப்பட்ட அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் இங்கு உண்டு. சாதிச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வையுங்கள். ஆண்டுதோறும் வெளியாகும் அறிவிப்பையும் கருத்தாய்ப் படியுங்கள்.

எளிதான படிப்பு என்று சொல்லமாட்டேன். மாடு உதைக்கும், பூனை பிராண்டும், நாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இத்துறையின் உழைப்பு வீண் போனதில்லை. கோடிக்கணக்கான மாடுகளை மாய்த்த வெக்கை நோய், உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித குலம் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றே. 2021 ஜூன் மாதம் நமக்கு அண்மையிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களைக் கொரோனா தாக்கி, நீலா என்னும் பெண் சிங்கம் இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எஞ்சிய சிங்கங்களுக்கும் மருந்தும் பராமரிப்பும் தர மனிதக் கைகள்தாம் வேண்டியிருந்தன.

ஆண்டுதோறும் குர்பானிக்கு ஆடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நொண்டியா, நோயுற்றதா என ஆராய்கிறோம். ஆட்டு வியாபாரமும் தோல் வியாபாரமும் நம்மவர் பலருக்குச் சோறு போடுகின்றன. பிராணிகளால் இத்தனை பயன் பெறும் சமுதாயத்தில், அவற்றின் நோய் தீர்க்கக் கற்றவர் எத்தனை பேர்? உங்கள் தெருவில், உங்கள் மஹல்லாவில் எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கன்று பிழைக்கவில்லை. சேதி கேட்டு அம்மாணவி அழுதாள். தந்தை இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை. எனினும் விண்ணப்பிக்க அனுமதி தந்துவிட்டார். "ஏழு முறை கழுவினால் சரிதானே ஹஜ்ரத்?" என்று மட்டும் மீண்டும் ஒரு முறை கேட்டுக்கொண்டார். "சரிதான் பாய்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதன் இரக்கத்தை நஜீஸின் பெயரால் தடுத்துவிடாதீர்கள். இரக்கமுள்ள கரங்களுக்கு ரஹ்மான் கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.