0-100 யாருக்கு வேண்டும்?

கார் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் காலேஜ் கேன்டீனில் இருக்கும் அத்தனை பேரும் எக்ஸ்பர்ட்தான். முதல் கேள்வியே "எது ஃபாஸ்ட்?" என்பதுதான். 0-வில் இருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட எத்தனை செகண்ட்? யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். மேட்டர் ஓவர்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சரி. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையப் பைகள் என்று கிளம்பும் ஃபேமிலி காருக்கு? அங்கே இந்த நம்பர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதையில்தான் ஆபத்து இருக்கிறது.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த காரையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட். பெட்ரோல் ஒன்று, டீசல் ஒன்று. உடம்பு ஒன்றுதான், ஆனால் குணம் வேறு.

பெட்ரோல்: 1.2 லிட்டர், 6,000 ஆர்பிஎம்மில் 87 ஹார்ஸ்பவர், 4,000 ஆர்பிஎம்மில் 114 நியூட்டன் மீட்டர் டார்க்.

டீசல்: ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டர்போ எஞ்சின், 4,000 ஆர்பிஎம்மில் 75 ஹார்ஸ்பவர், 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க். எடை மட்டும் பெட்ரோலைவிடச் சுமார் 100 கிலோ அதிகம்.

பவர் அதிகம், எடை குறைவு. அப்புறம் என்ன, 0-100 ஓட்டத்தில் பெட்ரோல்தான் முந்தும். கேன்டீன் தீர்ப்பும் பெட்ரோலுக்கே.

இப்போது ஆட்களை ஏற்றுவோம். பெட்ரோல் ஸ்விஃப்டின் எடை சுமார் 965 கிலோ. ஓட்டுபவர் மட்டும் இருந்தால் டன்னுக்கு ஏறக்குறைய 84 ஹார்ஸ்பவர் வருகிறது. ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேரும், 60 கிலோ லக்கேஜும் ஏறினால் அது 64 ஆக இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட கால்வாசி காலி! டீசலுக்கும் இதே கதிதான். 66-ல் இருந்து 52. இதற்கு மேல் ஏசி வேறு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதாவது, பத்திரிகையில் படித்த வேகம் குடும்பம் ஏறிய காரில் கிடைக்கவே கிடைக்காது.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். குடும்பக் காரை சிக்னலில் இருந்து ரேஸ் மாதிரி கிளப்புகிறவர் யார்? நம் ஊரில் வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடம், தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் ஒரு பஸ்ஸையோ லாரியையோ ஓவர்டேக் செய்யும் இடம். பஸ் 60-ல் போகிறது. பின்னால் கார் நாலாவது கியரில், 2,000 ஆர்பிஎம்மில் உருண்டுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோடு காலியாகத் தெரிந்தவுடன் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். அந்த நொடியில் எஞ்சின் என்ன கொடுக்கும்?

டீசல் 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் தருகிறது. கணக்குப் போட்டால் சுமார் 54 ஹார்ஸ்பவர். பெட்ரோல் தன்னுடைய உச்ச டார்க்கான 114-ஐ அந்த ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கொடுத்தாலும் 33-ஐத் தாண்டாது. பேப்பரில் 87 இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் கையில் வந்தது 33!

பெட்ரோல் காரில் பவர் இல்லாமல் இல்லை. அது மேலே, 4,000-க்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது, தேவைப்பட்டால் இரண்டாவது கியருக்கு இறக்கி, எஞ்சின் கத்தினாலும் பரவாயில்லை என்று மிதித்தால் கிடைக்கும். ஆனால் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? கியரை இறக்கினால் மைலேஜ் போய்விடும், எஞ்சின் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நாலாவது கியரிலேயே மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருப்பார்கள்.

அந்தத் தவழலுக்கு என்ன விலை தெரியுமா? உங்கள் கார் 80, எதிரே வரும் வண்டி 80. இரண்டும் நெருங்கும் வேகம் 160. அதாவது ஒரு நொடிக்கு 44 மீட்டர். ஓவர்டேக் மூன்று நொடி கூடுதலாக இழுத்தால் 130 மீட்டருக்கு மேல் ரோடு காணாமல் போகிறது. 0-100-ல் ஒரு செகண்ட் தோற்றால் கேன்டீனில் மானம் போகும். இங்கே மூன்று செகண்ட் தோற்றால் போவது காருக்குள் இருக்கும் ஐந்து பேர்.

அப்படியானால் டீசல்தான் ஒசத்தியா? அதுவும் இல்லை. 2,000-க்குக் கீழே டர்போ தூங்கும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் திடீரென்று இழுக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில், ஆர்பிஎம் விழுந்த நிலையில் வளைவில் ஏறினால் இந்தத் தூக்கம் நன்றாகவே தெரியும். சிட்டி டிராஃபிக்கில் பெட்ரோல்தான் சுகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மக்கள் டீசல் காரை வாங்கியது மைலேஜுக்காக. நெடுஞ்சாலை இழுவை போனஸாக வந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. விலை வித்தியாசமும் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதோடு அந்த போனஸும் போனது. 2024-ல் வந்த புது ஸ்விஃப்டில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்தான். சுமார் 82 ஹார்ஸ்பவர், 112 நியூட்டன் மீட்டர். பழைய பெட்ரோலுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஆகவே புதுசோ செகண்ட் ஹேண்டோ, கார் வாங்கப் போகிறவர்கள் 0-100 பார்த்து மயங்க வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாமல் வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு போங்கள். ஏசியைப் போட்டு, பாதுகாப்பான காலி ரோட்டில் மூன்றாவது கியரில் 40-ல் இருந்து 80 வரை மிதித்துப் பாருங்கள். பிறகு அதையே நாலாவது கியரிலும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால், எந்தக் காரானாலும் ஓவர்டேக் செய்வதற்கு முன்பே கை தானாகக் கியருக்குப் போகும். வண்டி இழுக்காது என்று தெரிந்தால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகும் பொறுமையும் வரும்.

பஸ்ஸுக்குப் பின்னால் போனால் அதிகபட்சம் பத்து நிமிடம் லேட்டாகும். பாட்டி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.